கதவைச் சாத்திக்கொண்டு கையெழுத்து வாங்குவதை நிறுத்துங்கள்

தீபாவளிக்கு இரண்டு மாதம் இருக்கும்போதே தொடங்கிவிடுகிறது. ஈசூனில் வீவக புளோக்குகளின் கீழ்த்தளக் கடைகளில், கடைத்தொகுதிகளின் மேல்மாடிகளில், கைப்பேசித் திரைகளில் எல்லாம் அதே அழைப்பு: முதல் அமர்வு சில பத்து வெள்ளிதான், ஒரே அமர்வில் இடுப்பு சுருங்கும், பட்டினி வேண்டாம், உடற்பயிற்சி வேண்டாம். பக்கத்தில் ஒரே பெண்ணின் இரண்டு படங்கள், முன்னும் பின்னும். அந்தச் சில பத்து வெள்ளியை நம்பி உள்ளே போகிறவர்களில் எத்தனையோ பேர் சில ஆயிரம் வெள்ளிக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே வருகிறார்கள். எடைக்குறைப்புத் தொழில் இந்த நாட்டில் பல ஆண்டுகளாக இப்படித்தான் நடந்துவருகிறது. இதை நாம் கண்டிக்கிறோம். நடத்துகிறவர்களையும் கண்டிக்கிறோம், நடக்கவிட்டு வேடிக்கை பார்க்கிறவர்களையும் கண்டிக்கிறோம்.

அந்த அறைக்குள் நடப்பதை வெளிப்படையாகச் சொல்லியாக வேண்டும். போனவர்கள் வெட்கத்தால் வாய் திறப்பதில்லை. அந்த வெட்கம்தான் இந்தத் தொழிலுக்குக் காவல். முதலில் எடை பார்ப்பார்கள். பிறகு உடையை மாற்றச் சொல்லி ஒரு துண்டைக் கொடுப்பார்கள். அளவு நாடாவை இடுப்பில், வயிற்றில், தொடையில், கையில் சுற்றி அளந்து, ஒவ்வோர் எண்ணையும் வாய்விட்டுச் சொல்லி அட்டையில் எழுதுவார்கள். உடலில் ஏதோ ஒரு களிம்பைப் பூசி, பிளாஸ்டிக் தாளைச் சுற்றி, அதன்மேல் சூடேறும் போர்வையைப் போட்டு ஒரு மணி நேரம் படுக்கவைப்பார்கள். வேர்த்து வழியும். எழுந்ததும் மறுபடி எடை, மறுபடி நாடா. இம்முறை நாடா இன்னும் கொஞ்சம் இறுகும். எண் குறைந்திருக்கும். அந்த மகிழ்ச்சி அடங்குவதற்குள் ஆலோசகர் உள்ளே வந்து கதவைச் சாத்துகிறார். கையில் விலைப்பட்டியலும் கடன் அட்டை இயந்திரமும் இருக்கின்றன. அந்தப் பெண்ணோ இன்னும் துண்டோடுதான் உட்கார்ந்திருக்கிறார். "இன்னைக்கு மட்டும்தான்க்கா இந்த விலை." "உங்க வயசுக்கு இப்படியே விட்டா அப்புறம் குறையவே குறையாதுக்கா." கணவரைக் கேட்டுவிட்டு வருகிறேன் என்றால், உங்கள் உடம்புக்கு அவரை ஏன் கேட்க வேண்டும் என்று மறுகேள்வி. பணம் இல்லை என்றால் தவணைத் திட்டம். எழுந்து போகவும் முடியாமல், மறுக்கவும் நா எழாமல், ஒரு மணி நேரம் கழித்து அவர் கையெழுத்துப் போடுகிறார்.

குறைந்த அந்த எண் என்ன என்பதையும் பார்ப்போம். அது தண்ணீர். ஒரு கிலோ உடற்கொழுப்பில் ஏறத்தாழ 7,700 கலோரி அடங்கியிருக்கிறது. ஒரு தட்டுப் பிரியாணி 880 கலோரி அளவு என்று வைத்தால், ஒரு கிலோ கொழுப்பு என்பது கிட்டத்தட்ட ஒன்பது தட்டுப் பிரியாணி. ஒரு மணி நேரம் நிற்காமல் ஓடினாலும் அதில் பத்தில் ஒரு பங்குதான் எரியும். படுத்த படுக்கையில், சூட்டுப் போர்வைக்குள், ஒரு கிலோ கொழுப்பு கரைந்தது என்பது உடலியலுக்கே பொருந்தாத பேச்சு. வெளியே வந்து இரண்டு குவளை தண்ணீர் குடித்தால் போன எடை திரும்பிவிடும். இது அந்த நிலையங்களை நடத்துகிறவர்களுக்குத் தெரியாததல்ல. தெரிந்தே எடைபோட்டுக் காட்டுகிறார்கள்.

காசு வாங்கி நடத்தும் எடைக்குறைப்புத் திட்டம் எதுவுமே பலன் தராது என்று நாம் சொல்லவில்லை. பலன் உண்டா என்று அளந்து பார்த்தவர்கள் இருக்கிறார்கள். வெயிட் வாட்சர்ஸ் திட்டத்தை அமெரிக்காவில் 423 பேரிடம் இரண்டு ஆண்டுகள் சோதித்து, 2003ஆம் ஆண்டு அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் முடிவை வெளியிட்டார்கள். திட்டத்தில் சேர்க்கப்பட்டவர்கள் இரண்டாண்டு முடிவில் சராசரியாக 2.9 கிலோ குறைந்திருந்தார்கள். தாமாகவே முயன்றவர்கள் 0.2 கிலோ. பிரிட்டன், ஜெர்மனி, ஆஸ்திரேலியா ஆகிய மூன்று நாடுகளில் 772 பேரிடம் நடந்த சோதனை 2011இல் லான்செட் இதழில் வந்தது: ஓராண்டில் அதே திட்டத்தினர் 5.1 கிலோ, வழக்கமான மருத்துவ ஆலோசனை பெற்றவர்கள் 2.3 கிலோ. 2015இல் இப்படிப்பட்ட ஆய்வுகளை எல்லாம் தொகுத்துப் பார்த்தபோது, ஓராண்டு முடிவில் மற்றவர்களைவிட வெயிட் வாட்சர்ஸ் உறுப்பினர்கள் 2.6 விழுக்காடும் ஜெனி கிரெய்க் உறுப்பினர்கள் 4.9 விழுக்காடும் கூடுதலாகக் குறைந்திருந்தார்கள். எண்பது கிலோ உள்ளவருக்கு 2.6 விழுக்காடு என்பது சுமார் இரண்டு கிலோ.

உலகத்திலேயே அதிகம் சோதிக்கப்பட்ட, ஓரளவு நேர்மையாக நடந்த திட்டங்களின் கணக்கே இவ்வளவுதான். அதையும் இயந்திரமோ களிம்போ கொண்டுவரவில்லை. வாரம் ஒரு கூட்டம், தின்றதை எழுதிவைப்பது, எடை பார்ப்பது, பக்கத்தில் அதே பாடுபடும் நாலு பேர் என்று நடந்ததால் வந்தது. அதற்கப்பாலும் போன எடையில் ஒரு பகுதி காலப்போக்கில் திரும்பிவிடுகிறது என்பதை ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன.

இனி நம் ஊர் நிலையங்களிடம் கேட்கிறோம். எங்கே உங்கள் கணக்கு? சென்ற ஆண்டு உங்களிடம் பேக்கேஜ் வாங்கியவர்கள் எத்தனை பேர்? அதில் பாதியில் நின்றவர்கள் எத்தனை பேர்? ஓராண்டு கழித்து அவர்களுடைய சராசரி எடை என்ன? சுவரில் தொங்கும் படத்தில் சிரிக்கும் அந்த ஒரு பெண்ணுக்கு இரண்டாண்டு கழித்து என்ன ஆயிற்று? ஒவ்வொரு வருகையிலும் எடை பார்த்து அட்டையில் எழுதுகிறவர்கள் நீங்கள். விவரம் இல்லை என்று சொல்ல உங்களால் முடியாது. வெளியிடாமல் இருப்பதற்குக் காரணம், வெளியிட்டால் பேக்கேஜ் விற்காது என்பதுதான் என்று நாம் முடிவுகட்டினால் அதைத் தவறு என்று சொல்லவாவது கணக்கைக் காட்டுங்கள்.

அமெரிக்காவின் கூட்டரசு வர்த்தக ஆணையம் 2009இல் தன் விளம்பர வழிகாட்டியைத் திருத்தியது. அதற்கு முன்பு, முப்பது கிலோ குறைந்த ஒருவரின் படத்தைப் போட்டுவிட்டு, எல்லாருக்கும் இப்படி ஆகாது என்று பொடி எழுத்தில் போட்டால் தப்பித்துவிடலாம். திருத்தத்துக்குப் பிறகு அது போதாது. பொதுவாக ஒருவர் எதிர்பார்க்கக்கூடிய பலன் எவ்வளவு என்பதைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். பதினைந்து ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டது. நம் விளம்பரத் தர ஆணையம் அதே விதியை எடைக்குறைப்பு விளம்பரங்களுக்குக் கட்டாயமாக்கி, மீறுகிறவர்களின் பெயரை வெளியிட வேண்டும். காசு கொடுத்தால் எதையும் அச்சிடும், எதையும் ஒலிபரப்பும் ஊடகங்களுக்கும் இதில் பங்குண்டு. தமிழ் ஊடகங்களையும் சேர்த்தே சொல்கிறோம்.

பணம் மட்டும்தானே போகிறது என்று நினைப்பவர்கள் 2002ஐ மறந்திருப்பார்கள். முழுக்க மூலிகை என்று விற்கப்பட்ட 'ஸ்லிம் 10' மாத்திரையைச் சாப்பிட்ட நடிகை ஆண்ட்ரியா டி குரூஸுக்குக் கல்லீரல் செயலிழந்தது. பின்னாளில் கணவரான நடிகர் தன் கல்லீரலில் பாதியைக் கொடுத்ததால் அவர் பிழைத்தார். அதே மாத்திரையைச் சாப்பிட்ட இன்னொரு பெண் பிழைக்கவில்லை. உள்ளே இருந்தது மூலிகை அல்ல, பல நாடுகளில் தடைசெய்யப்பட்ட ஃபென்ஃபுளூரமின் தொடர்பான வேதிப்பொருள். 2003இல் உயர் நீதிமன்றம் ஆண்ட்ரியாவுக்கு இழப்பீடு வழங்கத் தீர்ப்பளித்தது. விநியோகித்த நிறுவனத்தின் மேல்முறையீட்டை 2004இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. விற்கிறவன் தன் பொருளுக்குத் தானே பொறுப்பு என்பது அன்றைக்கே தெளிவாகிவிட்டது. இருந்தும், இதய நோய் அபாயத்தால் 2010இல் இங்கே சந்தையிலிருந்து மீட்டுக்கொள்ளப்பட்ட சிபுட்ரமின் என்ற மருந்து, இணையத்தில் விற்கும் 'ஸ்லிம்மிங்' காப்பிப் பொட்டலங்களிலும் பழச்சாற்றுப் பொடிகளிலும் கலந்திருப்பதைச் சுகாதார அறிவியல் ஆணையம் மறுபடி மறுபடி கண்டுபிடித்து எச்சரித்துவருகிறது.

நம் சமூகத்துக்கு இது அழகு பற்றிய விவகாரம் மட்டுமில்லை. 2010ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வில் இந்தியர்களிடையே நீரிழிவு 17.2 விழுக்காடு, சீனர்களிடையே 9.7 விழுக்காடு. உடல் எடைக் குறியீட்டெண் 23ஐத் தாண்டினாலே ஆசியர்களுக்கு ஆபத்து கூடத் தொடங்குகிறது, 27.5ஐத் தாண்டினால் அது அதிகம் என்பதுதான் இங்கே பின்பற்றப்படும் அளவுகோல். எனவே எடையைக் குறைக்க வேண்டிய தேவை நம் வீடுகளில் உண்மையாகவே இருக்கிறது. அந்தத் தேவையோடு வருகிற ஒருவரைச் சூட்டுப் போர்வைக்குள் படுக்கவைத்து அனுப்புவது, அவருக்குக் கிடைக்க வேண்டிய நேரத்தையும் பணத்தையும் மன உறுதியையும் ஒருசேரப் பறிப்பது. ஒருமுறை ஏமாந்தவர் அடுத்து மருத்துவரிடம் போவதில்லை. என் உடம்பு வாகே இப்படித்தான் என்று விட்டுவிடுகிறார்.

ஈசூன்வாசிகளுக்கு வேறு வழி இல்லாமலும் இல்லை. எம்ஆர்டி நிலையத்திலிருந்து சற்றுத் தள்ளி, ஈசூன் குளத்தின் கரையில் 2010 முதல் கூ டெக் புவாட் மருத்துவமனை இருக்கிறது. எடை கட்டுப்பாட்டுக்கென மருத்துவர்களும் உணவியல் நிபுணர்களும் அங்கே உண்டு. பலதுறை மருந்தகத்தில் கேட்டால் உணவியல் நிபுணரிடம் அனுப்புகிறார்கள். 2023 ஜூலையில் தொடங்கிய 'ஹெல்த்தியர் எஸ்ஜி' திட்டத்தில் சேர்ந்தவர்கள் தங்கள் குடும்ப மருத்துவரிடமே இதைப் பேசலாம். குளத்தைச் சுற்றி நடக்கக் கட்டணமில்லை. இவற்றில் எதிலும் ஒரு மணி நேரத்தில் இடுப்பு சுருங்காது. யாரும் கதவைச் சாத்திக்கொண்டு அட்டையைத் தேய்க்கச் சொல்லவும் மாட்டார்கள்.

இப்போது சட்டத்துக்கு வருவோம், ஏனென்றால் பெரிய ஓட்டை அங்கேதான் இருக்கிறது. பயனீட்டாளர் பாதுகாப்பு (நியாய வர்த்தக) சட்டம் 2004 முதல் நடப்பில் உள்ளது. பொய்யான பலனைச் சொல்லி விற்பதும், தன்னைக் காத்துக்கொள்ள இயலாத நிலையில் உள்ளவரைப் பயன்படுத்திக்கொள்வதும், முறையற்ற நெருக்குதல் கொடுப்பதும் அதன்படி நியாயமற்ற செயல்கள். துண்டோடு உட்கார்ந்திருக்கும் பெண்ணிடம் ஒரு மணி நேரம் வாதாடிக் கையெழுத்து வாங்குவது முறையற்ற நெருக்குதல் இல்லையென்றால் வேறு எது? போட்டித்தன்மை, பயனீட்டாளர் ஆணையம் நீதிமன்றம் சென்று தடையாணை பெறலாம். நகப் பராமரிப்பு நிறுவனம் ஒன்றின்மீது அது அப்படிச் சென்றதை நாடறியும். எடைக்குறைப்பு நிலையங்களின் அறைக் கதவையும் அது தட்ட வேண்டும்.

அடுத்தது, மனம் மாறுவதற்கான அவகாசம். 2009ஆம் ஆண்டு விதிகளின்படி, அழைக்காமல் வீட்டுக்கு வந்து விற்கிறவரிடம் ஒப்பந்தம் போட்டால் ஐந்து வேலை நாள்களுக்குள் ரத்து செய்யலாம். விடுமுறை விடுதிப் பங்கு வாங்கினாலும் செய்யலாம். எடைக்குறைப்பு பேக்கேஜுக்கு அந்தச் சட்ட உரிமை இல்லை. தன் வீட்டு வாசலில், முழு உடையோடு, விரும்பிய நொடியில் கதவைச் சாத்தும் நிலையில் இருப்பவருக்கு ஐந்து நாள். அடுத்தவர் அறைக்குள் துண்டோடு இருப்பவருக்கு ஒரு நாளும் இல்லை. இதை நியாயம் என்று எந்த அமைச்சும் சொல்ல முடியாது. பயனீட்டாளர் சங்கத்தின் கேஸ்டிரஸ்ட் முத்திரை பெற்ற நிலையங்கள் அவகாசம் தருகின்றன என்பது உண்மைதான். ஆனால் முத்திரை பெறுவது அவரவர் விருப்பம். ஏமாற்ற நினைப்பவர் முத்திரை கேட்டு வரப்போவதில்லை.

முன்பணம் வாங்கியபின் நிலையமே மூடப்பட்டால் கதி என்ன என்பதையும் பார்த்துவிட்டோம். 2016 ஜூலையில் கலிபோர்னியா ஃபிட்னெஸ் உடற்பயிற்சிக் கூடங்கள் மூடியபோது, கட்டணத்தை முன்கூட்டியே கட்டியிருந்த உறுப்பினர்கள் பூட்டிய கதவின்முன் நின்றார்கள். அதற்குப் பிறகும் ஆண்டுக்கணக்கான பேக்கேஜுக்கு முழுப் பணத்தையும் முதல் நாளே வாங்கும் வழக்கம் நின்றபாடில்லை.

ஏற்கனவே கையெழுத்துப் போட்டவர்கள் வெட்கப்பட்டு ஒதுங்க வேண்டாம். தவறு உங்களுடையதல்ல. ஒப்பந்தம், ரசீது, அளவு அட்டை, குறுஞ்செய்தி அனைத்தையும் எடுத்துக்கொண்டு பயனீட்டாளர் சங்கத்துக்குப் போங்கள். சிறு கோரிக்கைகள் நடுவர் மன்றத்தில் 20,000 வெள்ளி வரையிலும், இரு தரப்பும் சம்மதித்தால் 30,000 வெள்ளி வரையிலும் வழக்குத் தொடுக்கலாம். இரண்டு ஆண்டுகளுக்குள் தொடுக்க வேண்டும். வழக்கறிஞர் தேவையில்லை.

வர்த்தக, தொழில் அமைச்சிடம் நாம் கேட்பது இவை. எடைக்குறைப்பு பேக்கேஜ்களை 2009ஆம் ஆண்டு விதிகளுக்குள் கொண்டுவந்து, வாங்கியவர் ஐந்து வேலை நாள்களுக்குள் காரணம் சொல்லாமல் முழுப் பணத்தையும் திரும்பப் பெற வழிசெய்யுங்கள். முதல் அமர்வு நடந்த அதே நாளில், அதே அறையில் பேக்கேஜ் விற்பதைத் தடைசெய்யுங்கள். ஒரு மாதத்துக்கு மேற்பட்ட முன்பணத்தை அனுமதிக்காதீர்கள். உடல் எடைக் குறியீட்டெண் 23க்குக் கீழே உள்ளவருக்கு எடைக்குறைப்பு விற்பதைக் குற்றமாக்குங்கள். ஒவ்வொரு நிலையமும் தன் வாடிக்கையாளர்கள் அனைவரின் ஓராண்டுச் சராசரிப் பலனை, பாதியில் நின்றவர்களையும் சேர்த்து, விலைப்பட்டியலின் மேலேயே நான்கு மொழிகளிலும் அச்சிட வேண்டும் என்று ஆணையிடுங்கள். அடுத்த தீபாவளி விளம்பரங்கள் வெளிவருவதற்குள் இதைச் செய்யுங்கள்.