அடிக்கணக்கில் வராத செலவு

ஆழ்துளைக் கிணற்றின் செலவை எவை தீர்மானிக்கின்றன என்று கேட்டால், நிலத்தடி நீர்ப் பாடநூல்களும் திருச்செங்கோட்டு ரிக் உரிமையாளர்களும் ஏறத்தாழ ஒரே விடையைத் தருவர்: ஆழம், துளையின் விட்டம், பாறையின் தன்மை, கேசிங் குழாயின் நீளம், டீசல் விலை, வண்டி வந்து சேரும் தொலைவு. இவற்றில் பிழையில்லை. இப்பட்டியல் முழுமையானது என்று கருதி, ஆய்வேடுகள் அதைச் சமன்பாடாக்குவதுதான் பிழை.

அந்தச் சமன்பாட்டை ஏலூரில் பொருத்திப் பார்க்கலாம். கொச்சிக்கு வடக்கே, பெரியாற்றின் கிளைகளுக்கு நடுவே உள்ள ஊர் அது. ஆற்றோர வண்டல் மண். நீரும் ஆழத்தில் இல்லை. சமன்பாட்டின்படி கிணறு மலிவாக அமைய வேண்டும். ஆனால் 1940களில் ஃபாக்ட் உரத் தொழிற்சாலையும், 1950களில் அருமணல் ஆலையும் இந்துஸ்தான் இன்செக்டிசைட்ஸின் டி.டி.டி. ஆலையும் அங்கு எழுந்தன. குழிக்கண்டம் தோட்டின் வண்டலில் நூற்றுக்கும் மேற்பட்ட கரிமச் சேர்மங்கள் இருப்பதை 1999இல் கிரீன்பீஸ் ஆய்வு காட்டியது. 2004இல் உச்ச நீதிமன்றக் கண்காணிப்புக் குழு நேரில் வந்து பார்த்தது. தொழிற்சாலைகளின் செலவில் மக்களுக்குக் குடிநீர் வழங்கப்பட வேண்டும் என்றது. காலடியில் நீர் நிற்கும் ஊருக்குக் குழாய்நீர்!

இங்கே ஒருவர் கிணறு தோண்டினால் என்ன ஆகும்? குழாய்க்கும் துளைச்சுவருக்கும் இடையிலுள்ள வெளியைச் சிமென்ட் கலவையால் அடைக்காவிட்டால், மேல்மட்டத்து நஞ்சு அவ்வழியே கீழுள்ள தூய நீரடுக்கில் இறங்கிவிடும். ஆழமாகத் தோண்டியதே கேடாகும். பெரும்பாலான விலைச்சீட்டுகளில் இவ்வடைப்புக்கு ஒரு வரிகூட இருப்பதில்லை. அடுத்தது நீர்ப் பரிசோதனை. உவர்ப்பு, கடினத்தன்மை, கார அமிலநிலை பார்க்கும் வழக்கமான சோதனை பூச்சிக்கொல்லியைக் காணாது. டி.டி.டி.க்கு இந்தியத் தர அளவு லிட்டருக்கு 1 மைக்ரோகிராம். அதை அளக்க வாயு நிறப்பகுப்புக் கருவி வேண்டும். அக்கட்டணத்தை ஒருமுறை செலுத்தினாலும் போதாது, நஞ்சு நகரும்.

மாசு சூழலியலாரின் துறை, துளையிடல் பொறியாளரின் துறை என்று கைகழுவுவோர் உண்டு. சிமென்ட் அடைப்பு பொறியியல் இல்லையென்றால் வேறென்ன? பொருளியலாரோ இதனைப் 'புறவிளைவு' என்று பெயரிட்டு அடிக்குறிப்பில் அடக்கிவிடுகின்றனர். புறத்தே இருப்பது அவர்களது கணக்கு. நஞ்சு கிணற்றுக்குள் இருக்கிறது.

வேலூர்த் தோல் ஆலை வழக்கில், மாசுபடுத்துவோரே செலவை ஏற்க வேண்டும் என்ற நெறி இந்நாட்டுச் சட்டத்தின் பகுதி என 1996இலேயே உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது. செலவு மாதிரிகளை வரைவோர் இனியாவது அடைப்புக்கு ஒரு வரியும் ஆய்வகக் கட்டணத்துக்கு ஒரு வரியும் சேர்க்கட்டும். சேர்த்த பின், அவ்விரு வரிகளுக்கு நேரே செலுத்துபவராக வீட்டுக்காரரின் பெயரை எந்த நியாயத்தில் எழுதுகிறார்கள் என்பதையும் அவர்களே விளக்கட்டும்.