சிறு உணவுத் தொழில்களும் சங்க பலமும்

சோற்றுக்குப் பேர்போன சோழ நாட்டில் நெல் விளைவிப்போரைப் பற்றிப் பேசாத நாளில்லை. ஆனால் அந்நெல் அரிசியாகி, மாவாகி, பண்டமாகி ஜனங்களின் கைக்கு வருவதற்குள் அதைச் சார்ந்து ஜீவிக்கும் சிறு தொழிலாளரைப் பற்றிப் பேசுவோர் சிலரே. இட்டலி மாவு அரைத்து விற்போர், முறுக்கும் சீடையும் சுடுவோர், அப்பளம் இடுவோர், வற்றல் வடகம் உலர்த்துவோர், சிறு சாப்பாட்டுக் கடையும் காபிக் கடையும் நடத்துவோர், திருவையாற்றில் அசோகா கிளறுவோர் ஆகிய இவர்கள் இல்லாத வீதி காவிரிப் படுகையில் ஒன்றுமில்லை. பழைய தஞ்சை ஜில்லா இன்று தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை எனப் பிரிந்து நிற்பினும், இவர்கள் நிலை எங்கும் ஒன்றே. ஒவ்வொருவரும் தனித்தே நிற்கின்றனர். சங்கத்தில் சேருங்கள் என்றால், "சந்தா கொடுத்து என்ன கண்டோம்?" என்று கேட்கின்றனர். இக்கேள்வி நியாயமானதே. அதற்கு விடை கூறுவது நமது கடமையாகும்.

முதலாவது, தனி மனிதன் கேட்டால் கிடைக்காததும் சங்கம் கேட்டால் கிடைப்பதுமான உரிமைகள் சட்டத்திலேயே உண்டு. 1999ஆம் ஆண்டின் புவிசார் குறியீட்டுச் சட்டப்படி, ஓர் ஊரின் பண்டத்துக்கு அவ்வூர்ப் பெயரைப் பதிவு செய்யுமாறு தனி வியாபாரி எவரும் விண்ணப்பிக்க முடியாது. உற்பத்தியாளர் சங்கமோ, அவர்கள் நலனைப் பிரதிநிதித்துவம் செய்யும் ஸ்தாபனமோதான் விண்ணப்பிக்கலாம். கோவில்பட்டிக் கடலைமிட்டாய் செய்வோர் இதை உணர்ந்தனர். அவர்களுடைய சங்கம் 2014ஆம் ஆண்டில் விண்ணப்பித்து, 2020ஆம் ஆண்டில் அக்குறியீட்டைப் பெற்றது. மணப்பாறை முறுக்கும் 2023ஆம் ஆண்டில் இவ்வரிசையில் சேர்ந்தது. இவ்வூர்களில் பெரிய முதலாளிகள் ஆலை கட்டி ஆளவில்லை; அடுப்படியில் நிற்கும் சிறு தொழிலாளரே பெரும்பாலோர். அவர்களுக்குக் கிட்டியது ஒற்றுமையின் பலன்.

நம் பக்கத்தில் நடப்பது என்ன? சென்னையிலிருந்து திருச்சி செல்லும் நெடுஞ்சாலையில் "கும்பகோணம் டிகிரி காபி" என்னும் பலகைகள் வரிசையாகத் தொங்குகின்றன. அக்கடைகளிற் பல கும்பகோணத்தை அறியா. ஊர்ப் பெயரால் வரும் லாபம் எங்கோ போகிறது. அதன் தரம் கெட்டால் வரும் அபகீர்த்தி மட்டும் ஊரைச் சேர்கிறது. கும்பகோணம் வெற்றிலைக்கு 2025ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு கிடைத்தது மகிழ்ச்சிக்குரியது. சமைத்த பண்டங்களுள் எவை அவ்வுரிமைக்குத் தகுதியுடையன என்பதைச் சட்டம் அறிந்தோர் ஆராயட்டும். ஆனால் வாசலில் நின்று கேட்பதற்கே ஒரு சங்கம் தேவை என்பதை நாம் மறத்தலாகாது.

இரண்டாவது, வரி விஷயம். 2017ஆம் ஆண்டு ஜூலை 1ஆம் தேதி சரக்கு சேவை வரி அமலுக்கு வந்தபோது, குளிர்சாதனம் இல்லாத ஓட்டல்களுக்கு 12 சதவிகிதமும், உள்ளவற்றுக்கு 18 சதவிகிதமும் விதிக்கப்பட்டது. அதற்கு முன்னரே, மே 30ஆம் தேதி, தமிழ்நாடெங்கும் ஓட்டல்காரர் ஒரு நாள் கடையடைத்துத் தம் ஆட்சேபத்தைத் தெரிவித்தனர். பின்னரும் ஓயாது முறையிட்டனர். நவம்பர் 10ஆம் தேதி குவாஹாட்டியில் கூடிய வரி மன்றம் அதை 5 சதவிகிதமாகக் குறைத்தது. வாங்கும் சரக்குக்குச் செலுத்திய வரியைக் கழித்துக்கொள்ளும் சலுகை அத்துடன் போயிற்று என்பதையும் சொல்லத்தான் வேண்டும். எனினும் ஒருவர் மட்டும் கடையடைத்தால் அவர் வாடிக்கைக்காரர் அடுத்த கடைக்குச் செல்வர். எல்லோரும் அடைத்தால்தான் டில்லியின் செவியில் விழும்.

மூன்றாவது, மூலதனமும் அறிவும். 2020ஆம் ஆண்டு ஜூன் மாதம் மத்திய சர்க்கார் குறு உணவுத் தொழில்களுக்கென 10,000 கோடி ரூபாயில் ஒரு திட்டம் தொடங்கியது. தனி மனிதருக்கு யந்திரச் செலவில் 35 சதவிகிதம், 10 லட்சம் ரூபாய்க்கு மேற்படாமல், மானியம் என்றனர். ஆனால் பொதுப் பெயரில் பண்டம் விற்பதற்கும் விளம்பரத்துக்கும் 50 சதவிகித உதவி, குழுவாகத் திரண்டோருக்கே வகுக்கப்பட்டது. அத்திட்டத்துக்குத் தொழில்நுட்பத் துணை நின்ற தேசிய ஸ்தாபனங்கள் இரண்டில் ஒன்று தஞ்சாவூரிலேயே இருக்கிறது. நெல் பதனிடும் ஆராய்ச்சி நிலையமாய்த் தொடங்கி, இன்று தேசிய உணவுத் தொழில்நுட்பக் கல்வி நிலையமாய் வளர்ந்திருக்கும் அதன் வாசற்படியைத் தனியொரு முறுக்குக்காரர் மிதிக்கத் தயங்குவார். ஐம்பது பேர் சங்கமாய்ச் சென்றால் தயக்கத்துக்கு இடமேது?

நான்காவது, உணவுப் பாதுகாப்பு. 2006ஆம் ஆண்டின் சட்டம் 2011 ஆகஸ்டு முதல் அமலில் இருக்கிறது. கையால் அப்பளம் இடும் பெண்மணியும் அதன் ஆட்சிக்கு உட்பட்டவரே. பதிவு, சிப்பத்தின் மேல் அச்சிட வேண்டிய விவரங்கள், பண்டப் பரிசோதனை ஆகியவற்றைத் தனியே கற்றறிய அவருக்கு அவகாசமுமில்லை, வசதியுமில்லை. சங்கமோ ஒரே நாளில் நூறு பேருக்கு விளக்கும். பரிசோதனைச் செலவைப் பங்கிட்டுக்கொள்ளும். இதனினும் முக்கியமானது ஒன்றுண்டு. ஒரு கடையில் கெட்ட எண்ணெய் பிடிபட்டால் அந்த வீதி முழுவதும் வியாபாரம் படுத்துவிடுகிறது. அங்கத்தினரின் தரத்தைத் தானே கண்காணித்துத் திருத்தும் சங்கம், யோக்கியமாய்த் தொழில் செய்வோரின் பெயரைக் காக்கும்.

நிற்க, சங்கங்களால் தீமையும் விளையக்கூடும். கூடிப் பேசி விலையை ஏற்றுவதற்கென்றே சேரும் கூட்டம் ஜனங்களுக்கு விரோதியாகும். 2002ஆம் ஆண்டின் போட்டிச் சட்டமும் அதைத் தடுக்கிறது. பெரிய ஓட்டல்காரர் தலைமையில் அமர்ந்து, சிறியவர் சந்தா கட்டும் கூட்டமாய் மட்டும் இருப்பாராயின் அதுவும் பயனற்றது. சந்தா சிறியதாகவும், கணக்கு வெளிப்படையாகவும், வாக்குச் சமமாகவும் இருக்க வேண்டும். வீட்டிலிருந்தே தொழில் செய்யும் பெண்களுக்கு அங்கு இடம் வேண்டும். 1959ஆம் ஆண்டில் பம்பாயில் ஏழு பெண்கள் 80 ரூபாய் கடனில் தொடங்கிய லிஜ்ஜத் அப்பளத் தொழில், ஆயிரக்கணக்கான சகோதரிகளை உடைமையாளராக்கியதை நாடறியும்.

ஐக்கியம் நம்மவருக்குப் புதிதன்று. வாய்க்காலைத் தூர்வாரும் குடிமராமத்து நம் முன்னோர் கண்ட முறை. ஒருவர் தம் வயலோரத்தை மட்டும் வெட்டினால் தண்ணீர் வராது. தலைமதகு முதல் கடைமடை வரை யாவரும் மண்வெட்டி எடுத்தால்தான் வரும். 1904ஆம் ஆண்டில் கும்பகோணத்தார் கூடித் தமக்கென ஒரு பாங்கியை நிறுவினர். அதே ஆண்டில் திருவல்லிக்கேணியில் கூட்டுறவுப் பண்டகசாலை பிறந்தது. அவர்கள் செய்ததை நாம் செய்யலாகாதோ?

ஆகவே டெல்டாவின் ஒவ்வோர் ஊரிலும் சிறு உணவுத் தொழிலாளர் சங்கங்கள் உள்ள இடத்தில் அவற்றில் சேர்ந்து தம் குரலை எழுப்ப வேண்டும். இல்லாத இடத்தில் தாமே கூடித் தொடங்க வேண்டும். தரத்தைக் காத்தல், பொதுவில் வாங்கி விற்றல், ஊர்ப் பெயருக்கு உரிமை கோரல் என்ற மூன்றை முதல் வேலையாகக் கொள்வார்களாக. கடைமடைக்கும் தண்ணீர் பாய்ந்தால்தான் அது பாசனம். சிறு அடுப்புக்கும் லாபம் சேர்ந்தால்தான் அது வியாபாரம்.