அதட்டினால் போகிற மடி அல்ல

டெல்லி புசா ரோட்டுத் தமிழ்ப் பள்ளி வாசலில் பிள்ளைகளுக்காகக் காத்திருக்கும் நம்மவர் பேச்சில் ஓசிடி என்கிற மனநோய் அடிபட்டால் தீர்ப்பு உடனே வந்துவிடும்: "பாட்டி காலத்து மடிதான், கொஞ்சம் முற்றிப்போச்சு. டாக்டர் மாத்திரை எழுதுவார், நர்ஸ் கொடுப்பாங்க. நாலு அதட்டு அதட்டினா சரியாயிடும்."

முதலில் மடி என்கிற ஆசாரச் சுத்தம். மடி பார்த்த பாட்டிக்கு அதில் ஒரு நிறைவு இருந்தது. ஓசிடி உள்ளவருக்குக் கை கழுவுவதே வேதனை. கழுவாமல் இருப்பது அதைவிட வேதனை. கை கழுவாத ஓசிடியும் உண்டு. விளக்கேற்றும்போதெல்லாம் சாமியைப் பற்றி ஆபாசமான எண்ணம் வந்தால் யாரிடம் போய்ச் சொல்வது? 2015–16 தேசிய மனநல ஆய்வின்படி நூறு பெரியவர்களில் ஏறக்குறைய ஒருவருக்கு இந்த நோய் இருக்கிறது. அத்தனை பேருமா ஆசாரக்காரர்கள்?

அடுத்து, நர்ஸ் மாத்திரை மட்டும் கொடுப்பவர் என்ற நினைப்பு. வார்டில் டாக்டர் பார்ப்பது சில நிமிஷம். ஷிப்ட் முழுக்கப் பார்ப்பவர் நர்ஸ். விரலிடுக்கில் தோல் வெடித்திருக்கிறதா, குளியலறைக்குப் போனவர் எப்போது வந்தார், தட்டில் சோறு ஏன் ஆறிக் கிடக்கிறது, கழுவுவதற்குச் சற்று முன் மனதில் ஓடியது என்ன என்பதெல்லாம் அவர் கவனத்துக்குத்தான் வரும். சாகத் தோன்றுகிறதா என்றும் அவர் நேராகக் கேட்டாக வேண்டும். மனச்சோர்வு இந்த நோயோடு அடிக்கடி சேர்ந்தே வரும். நோயின் கடுமையை 40 மதிப்பெண்ணுக்கு அளக்கும் யேல்-பிரவுன் அளவுகோலின் முதல் கேள்வியே, அந்த எண்ணங்கள் ஒரு நாளில் எவ்வளவு நேரத்தைத் தின்கின்றன என்பதுதான். பக்கத்தில் இருந்து கேட்பவருக்கே அது சரியாகத் தெரியவரும்.

அதட்டல்தான் பெரிய தப்பு. 1960களில் லண்டன் உளவியலாளர் விக்டர் மேயர், கை கழுவும் நோயாளி ஒருவரின் அறைக் குழாயை அடைத்து வைத்தார் என்பது உண்மைதான். "பார்த்தீர்களா!" என்று துள்ள வேண்டாம். பயந்த பொருளைத் தொடவைத்து, கழுவவிடாமல், அந்தப் பதற்றம் தணியும்வரை உடனிருந்தவர்கள் நர்ஸ்கள். இன்றும் முக்கியமான அந்தச் சிகிச்சை நோயாளியின் சம்மதத்தோடு, படிப்படியாக நடப்பது. வீட்டில் திடீரென்று தண்ணீர் மோட்டாரை நிறுத்துவதும் அதுவும் ஒன்றல்ல. அந்த வீட்டில் பதற்றம்தான் எகிறும்.

அதட்டாத வீடுகள் வேறு வகையில் சறுக்குகின்றன. "கேஸை அணைச்சாச்சா?" என்று மகள் பத்து முறை கேட்டால், பாவம் என்று அம்மா பத்து முறையும் "அணைச்சாச்சு" என்கிறாள். அந்தப் பதில் தரும் நிம்மதி சில நிமிஷம்தான். பிறகு சந்தேகம் இன்னும் பலமாக வரும். ஒரு முறை பதில் சொல்லிவிட்டு, அடுத்த முறை அந்தப் பதற்றத்தோடு கொஞ்சம் உட்கார்ந்திருக்க உதவுவது எப்படி என்று வீட்டாருக்குச் சொல்லித்தருவதும் நர்ஸின் வேலை.

மாத்திரை வேலை செய்ய எட்டு முதல் பன்னிரண்டு வாரம் ஆகும். இரண்டே வாரத்தில் "பலிக்கலை" என்று நிறுத்தாதீர்கள். வார்டில் ஸிஸ்டர் துருவித் துருவிக் கேட்டால் எரிச்சல்படாமல் எல்லாவற்றையும் சொல்லுங்கள். எங்கே தொடங்குவது என்று தெரியாதவர்கள் 14416 என்ற டெலி மானஸ் எண்ணை அழைக்கலாம். 24 மணி நேரமும் இலவசம்.