பூமி முழுவதும் பள்ளிவாசல்தான்; அதில் தொழுவது எப்போது?

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.

 

காயல்பட்டினம், கீழக்கரை, தொண்டி, அதிராம்பட்டினம், நாகூர், பரங்கிப்பேட்டை என நம் ஊர்களில் பல கடலை நோக்கியே அமைந்தவை. அங்கெல்லாம் தூண்டில் என்பது முன்பு கடல் தொழிலாளியின் கருவியாகவோ, பள்ளி விடுமுறையில் சிறுவர்களின் விளையாட்டாகவோ இருந்தது. இன்று அது படித்த, வேலையிலிருக்கும் இளைஞர்களின் விருப்பமாகிவிட்டது. கோலும் ரீலும் வாங்கிக்கொண்டு தூண்டில் வளைவுக் கற்களின்மீது மணிக்கணக்கில் அமர்கிறார்கள். வளைகுடா நாடுகளில் பணிபுரியும் நம் பிள்ளைகளும் வார விடுமுறையில் கடற்கரைக்குத் தூண்டிலோடு செல்கிறார்கள். இதில் நாம் குறை காணவில்லை. இந்த விருப்பத்தோடு கூடவே பரவிவரும் ஒரு பேச்சைத்தான் நாம் மறுக்கிறோம்.

“பள்ளிவாசலில் கிடைக்காத அமைதி எனக்குக் கடற்கரையில் கிடைக்கிறது. இயற்கையே என் தொழுகை. தூண்டிலோடு அமர்ந்திருப்பதே என் திக்ரு. இறைவனுக்கும் எனக்கும் இடையே ஹஜ்ரத்தும் ஜமாஅத்தும் எதற்கு?” இப்படிப் பேசுபவர்கள் நாத்திகர்கள் அல்லர், நம் வீட்டுப் பிள்ளைகள். இறைவனை மறுக்கவில்லை என்றும், அவனை இன்னும் நெருக்கமாகக் கண்டுகொண்டோம் என்றும் அவர்கள் நம்புகிறார்கள். வெளிப்படையான மறுப்பைவிட இந்த நம்பிக்கை ஆபத்தானது. மறுப்பவன் என்றேனும் தேடக்கூடும். கண்டுவிட்டதாக எண்ணுபவன் தேடுவதையே நிறுத்திவிடுகிறான்.

முதலில் மறுபக்கத்தாருக்கு

இந்தப் பேச்சைக் கண்டித்துவிட்டு, தூண்டிலையே ஹராம் என்றும் வீண்செயல் என்றும் தள்ளிவிடுவோரும் நம்மிடையே உண்டு. அவர்களோடும் நாம் உடன்படவில்லை. அல்லாஹ் ஹலாலாக்கியதைத் தடுக்க எவருக்கும் அதிகாரமில்லை. இஹ்ராம் அணிந்தவருக்குத் தரை வேட்டையைத் தடுத்த இறைவன், அதே வசனத்தில் கடல் வேட்டையை அனுமதித்திருக்கிறான் (5:96). கடலிலிருந்து புத்தம் புதிய இறைச்சியை நாம் உண்பதை அவன் தன் அருட்கொடைகளில் ஒன்றாக எண்ணிக் காட்டுகிறான் (16:14). அபூஉபைதா (ரலி) அவர்களின் தலைமையில் சென்ற முந்நூறு பேர் கொண்ட படை பசியால் வாடியபோது, கடல் கரையில் ஒதுக்கிய பெரும் மீனை உண்டது. மதீனா திரும்பியதும், அதில் மிச்சம் இருந்ததை நபி (ஸல்) அவர்களும் கேட்டு வாங்கி உண்டார்கள் என்ற செய்தி புகாரியிலும் முஸ்லிமிலும் உள்ளது. ஆகவே நம் வழக்கு தூண்டிலோடு அன்று. தூண்டிலைத் தொழுகையின் இடத்தில் வைப்பவரோடுதான்.

ஹதீஸில் பாதியை மட்டும் படிப்பவர்கள்

இவர்கள் அடிக்கடி எடுத்துக்காட்டும் ஆதாரம், பூமி முழுவதும் தமக்கு மஸ்ஜிதாகவும் தூய்மையளிப்பதாகவும் ஆக்கப்பட்டுள்ளது என்று நபி (ஸல்) அவர்கள் கூறிய செய்தியாகும். ஜாபிர் (ரலி) அவர்கள் அறிவிக்கும் அந்த ஹதீஸ் ஸஹீஹானது; அதில் ஐயமில்லை. ஆனால் அது அங்கே முடிந்துவிடவில்லை. தம் சமுதாயத்தில் எவரைத் தொழுகை நேரம் எங்கே வந்தடைகிறதோ, அவர் அங்கேயே தொழுதுகொள்ளட்டும் என்று அது தொடர்கிறது. பூமி மஸ்ஜிதாக்கப்பட்டது தொழுகைக்கு விலக்களிக்க அன்று. தொழாமல் இருப்பதற்கு எந்த இடத்தையும் சாக்காகச் சொல்லவிடாமல் செய்வதற்கே. கடற்கரை மஸ்ஜித் என்றால், அஸ்ருக்கு அங்கே நின்று தொழுதவர் எத்தனை பேர்? தொழாதவருக்குப் பூமி முழுவதும் மஸ்ஜிதாக இருந்தும் என்ன பயன்?

உளூவுக்குத் தண்ணீர் இல்லை என்பது மற்றொரு சாக்கு. கடலில் பயணம் செய்யும் தாங்கள் குறைந்த நீரையே எடுத்துச் செல்வதாகவும், கடல்நீரில் உளூச் செய்யலாமா என்றும் ஒருவர் நபி (ஸல்) அவர்களிடமே வினவினார். அதன் நீர் தூய்மையளிக்கக்கூடியது, அதில் இறந்தது ஹலால் என்று விடை கிடைத்தது. அபூதாவூதிலும் திர்மிதியிலும் பதிவாகியுள்ள இச்செய்தி மீன்பிடிப்பவருக்கென்றே சொல்லப்பட்டதுபோல் அமைந்திருக்கிறது. கண்ணுக்கெட்டிய தூரம் வரை உளூவுக்கான நீரைப் பார்த்துக்கொண்டே அமர்ந்திருப்பவர், தண்ணீர் இல்லை என்று எப்படிச் சொல்வார்?

சிந்தனை எங்கே சென்று சேர வேண்டும்?

படைப்பைச் சிந்திக்கச் சொன்ன மார்க்கம் நம்முடையது. ஆலு இம்ரான் அத்தியாயத்தின் 190, 191 ஆம் வசனங்களை இவர்களும் மேற்கோள் காட்டுவார்கள். அவற்றின் வரிசையைக் கவனிப்போம். நின்றும், அமர்ந்தும், படுத்தும் அல்லாஹ்வை நினைவுகூர்வது முதலில் வருகிறது. வானங்கள், பூமியின் படைப்பைச் சிந்திப்பது அடுத்து வருகிறது. அந்தச் சிந்தனை “மனம் லேசானது” என்பதோடு நின்றுவிடவில்லை. இவற்றை நீ வீணாகப் படைக்கவில்லை, நரக வேதனையிலிருந்து எங்களைக் காத்தருள் என்ற இறைஞ்சுதலில் போய் முடிகிறது. படைப்பைப் பார்த்தவர் கணக்குக் கேட்கப்படும் நாளை நினைத்து அஞ்சுகிறார். நம் காலத்துக் கடற்கரைச் சிந்தனை சூரியன் மறையும் நிழற்படத்தோடு முடிந்துவிடுகிறது.

இப்ராஹீம் (அலை) அவர்களும் விண்மீனையும் சந்திரனையும் சூரியனையும் நோக்கினார்கள். மறைந்துபோவதைத் தாம் விரும்பவில்லை என்று கூறி, அவற்றைப் படைத்தவன்பால் முகத்தைத் திருப்பினார்கள் (6:75-79). அடையாளம் என்பது வழிகாட்டிப் பலகை போன்றது. ஊருக்குப் போகாமல் பலகையின் அடியிலேயே கூடாரம் அடித்துத் தங்குபவனைப் பயணி என்று யார் அழைப்பார்?

“நபி (ஸல்) அவர்கள் ஹிரா குகையில் தனித்திருக்கவில்லையா?” என்றும் கேட்கிறார்கள். இருந்தார்கள். ஆனால் அங்கே இறங்கியது வஹீ. முதல் சொல்லே ஒரு கட்டளை. அதைப் பெற்றவர்கள் மலையிலேயே தங்கிவிடவில்லை. மக்களிடையே இறங்கி வந்து, அவர்கள் தந்த துன்பங்களையெல்லாம் சுமந்தார்கள். பிற்காலத்தில் மதீனாவில் ரமளானின் இறுதிப் பத்து நாட்களில் அவர்கள் தனித்திருக்கத் தேர்ந்தெடுத்த இடம் மஸ்ஜித். ஹிராவை ஆதாரமாகக் காட்டுவோர் அந்த மலையிலிருந்து இறங்கி வந்த பாதையையும் சேர்த்தே காட்ட வேண்டும்.

அமைதி தராத கடலுக்கு என்ன பெயர்?

அமைதியே இறைநெருக்கத்தின் அளவுகோல் என்றால், 2004 டிசம்பர் 26 ஆம் நாள் காலையை எந்தக் கணக்கில் எழுதுவது? நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000-க்கும் மேற்பட்டோர் அன்று உயிரிழந்தனர். நாம் தூண்டில் போடும் அதே கடல்தான் அது. இதமான காற்றிலும் செவ்வானத்திலும் மட்டும் இறைவனைக் காண்பவருக்கு அந்த நாளில் சொல்வதற்கு ஒன்றுமில்லை. ஈமான் கொண்டவரோ அன்று ஜனாஸாத் தொழுகைக்கு நின்றார். இன்னா லில்லாஹி என்று சொல்ல அவருக்குச் சொல் இருந்தது. அருகில் நிற்க ஒரு ஜமாஅத் இருந்தது.

கடலில் பிழைப்பவரைக் கேட்டுப் பாருங்கள். கச்சானும் வாடையும் கொண்டலும் அவருக்குக் கவிதைப் பொருள் அல்ல. இன்று அடுப்பு எரியுமா, படகு கரை திரும்புமா என்பதைச் சொல்பவை. கப்பலைப் புயல் சூழும்போது மனிதன் கலப்பற்ற மனத்தோடு அல்லாஹ்வை அழைப்பதையும், கரை சேர்ந்ததும் வரம்பு மீறுவதையும் யூனுஸ் அத்தியாயம் விவரிக்கிறது (10:22-23). நம் இளைஞர்களின் ஆன்மிகமோ கரையிலேயே பிறந்து கரையிலேயே முடிந்துவிடுகிறது. அலையின் அச்சத்தை அது அறிந்ததே இல்லை.

இந்தச் சிந்தனை மேற்கிலிருந்து வந்த முற்போக்கு என்று எண்ணுவோருக்கும் ஒரு செய்தி. தூண்டிலையும் தியானத்தையும் இணைத்து எழுதியவர்களில் ஆங்கிலேயர் பெரிதும் போற்றுபவர் ஐசக் வால்டன். அவருடைய ‘தி கம்ப்ளீட் ஆங்லர்’ 1653 இல் வெளிவந்தது. அவர் தம் தேவாலயத்தோடு உறுதியாகப் பிணைந்திருந்த கிறிஸ்தவர். ஜான் டன், ஜார்ஜ் ஹெர்பர்ட் போன்ற மதகுருமார்களின் வாழ்க்கை வரலாறுகளை எழுதியவர். ஆற்றங்கரை அவருக்கு வழிபாட்டுக்கு மாற்றாக இருந்ததில்லை. வேறொரு மார்க்கத்தைச் சேர்ந்த அவருக்கே விளங்கிய எல்லை, ஐவேளைத் தொழுகை கடமையாக்கப்பட்ட நமக்கு விளங்காமல் போகலாமா?

மீனே சோதனையாக வந்தபோது

கடலோரத்தில் வாழ்ந்த ஒரு சமுதாயத்தின் வரலாற்றை அல்லாஹ் நமக்குச் சொல்கிறான் (7:163). சனிக்கிழமை மீன் பிடிக்கக் கூடாது என்பது அவர்களுக்கு விதிக்கப்பட்ட கட்டளை. அந்த ஒரு நாளில்தான் மீன்கள் நீரின் மேற்பரப்பில் துள்ளி வந்தன. மற்ற நாட்களில் வரவில்லை. முந்திய நாளே வலையும் குழியும் அமைத்துவிட்டு, மறுநாள் போய் அள்ளிக்கொண்டு, கட்டளையை மீறவில்லை என்று தம்மைத் தாமே அவர்கள் ஏமாற்றிக்கொண்டதாக முஃபஸ்ஸிர்கள் விளக்குகிறார்கள்.

சனிக்கிழமைச் சட்டம் நமக்கு இல்லை. சோதனை இருக்கிறது. மீன் நன்றாக இரையெடுக்கும் நேரம் விடியற்காலையும் அந்திப்பொழுதும் என்பது தூண்டில் போடும் எவருக்கும் தெரியும். அவைதாம் ஃபஜ்ரும் மஃரிபும். தக்கை அசையும் நேரமும் பாங்கு கேட்கும் நேரமும் ஒன்றாக வந்து நிற்கின்றன. அப்போது கோலைக் கீழே வைப்பவர் யார், “இந்த ஒன்றை மட்டும் இழுத்துவிட்டு” என்று மஃரிபை இஷாவுக்குத் தள்ளுபவர் யார்? நம்முடைய மீனும் துள்ளிக்கொண்டுதான் வருகிறது.

வியப்பூட்டும் மற்றொன்றும் உண்டு. ஓதம் ஏறி இறங்குவது நாள்தோறும் ஏறத்தாழ 50 நிமிடம் தள்ளிப்போகும் என்பதும், அமாவாசை, பௌர்ணமி நாட்களில் ஏற்றமும் வற்றமும் மிகும் என்பதும் இந்த இளைஞர்களுக்கு மனப்பாடம். பிறையைக் கொண்டு கடலின் கணக்கைச் சரியாகச் சொல்பவர், சூரியனைக் கொண்டு அமைந்த அஸ்ரின் நேரத்தை மட்டும் மறந்துவிடுகிறார். ஆக, அறிவிலோ நினைவாற்றலிலோ அவர்களுக்குக் குறையில்லை. எதை முதலில் வைப்பது என்பதில்தான் குறை. அசையாமல் மூன்று மணி நேரம் காத்திருப்பதை ஸப்ரு என்கிறார்கள். மீன் கிடைக்கும் என்ற ஆசையில் காத்திருப்பது ஸப்ரு ஆகாது. கிடைக்கப்போகும் மீனை விட்டுவிட்டு ஸஃப்பில் போய் நிற்பதே ஸப்ரு.

வளைகுடாவில் இருக்கும் சகோதரர்களுக்குத் தனியாக ஒரு சொல். வெள்ளிக்கிழமை விடியலில் படகேறி, நண்பகல் கடந்து கரை திரும்புவதும், “பயணத்தில் இருந்தோம், ஜும்ஆ கடமையில்லை” என்பதும் சிலரிடம் வழக்கமாகிவருகிறது. ஜும்ஆ கடமையானவர், அது தவறிவிடும் வகையில் வெள்ளி ஃபஜ்ருக்குப் பின் பயணம் புறப்படுவதே கூடாது என்பது நம்மில் பலர் பின்பற்றும் ஷாஃபிஈ மத்ஹபின் சட்டம். சனிக்கிழமைக்காரர்களின் தந்திரத்திற்கும் இதற்கும் என்ன வேறுபாடு என்று அவரவர் தம் உள்ளத்தைக் கேட்டுக்கொள்ளட்டும்.

இயற்கையை நேசிப்பவரின் அமானிதம்

இயற்கையை நேசிக்கிறோம் என்போர் அதனிடம் எப்படி நடந்துகொள்கிறார்கள் என்பதும் கேட்கப்பட வேண்டியதே. உண்பதற்குப் பிடிப்பது ஹலால். படம் எடுப்பதற்காக மட்டும் முள்ளால் குத்தி இழுத்து, வெயிலில் உயர்த்திப் பிடித்து, பின் நீரில் எறிவதை அன்பு என்று எப்படிச் சொல்வது? உயிருள்ளதை அம்பெய்யும் இலக்காக்குவதை நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். வெறும் கேளிக்கைக்காக வேட்டையாடுவதை ஃபுகஹாக்கள் பலர் வெறுத்துள்ளனர். அறுந்த தங்கூசி நரம்பைக் கற்களிடையே விட்டுவருவது இன்னொரு கொடுமை. அது எளிதில் மட்காது. பறவையின் காலிலும் ஆமையின் கழுத்திலும் சுற்றிக்கொள்ளும். பாதையில் கிடக்கும் தொல்லை தருவதை அகற்றுவது ஈமானின் கிளைகளில் ஒன்றென்றால், அதைப் போட்டுவிட்டு வருவது எதன் கிளை?

பள்ளிவாசல் பொறுப்பாளர்களுக்கும் ஒன்று

இளைஞர்கள் கடற்கரைக்கு ஓடுவதற்கு நம் பள்ளிவாசல்களும் ஒரு காரணமில்லையா? நிர்வாகத் தகராறும், ஒலிபெருக்கியின் இரைச்சலும், வசைபாடும் பயானும் நிறைந்த இடத்தில் ஒருவன் அமைதியைத் தேடி அலுத்துப்போனால், அவனை மட்டும் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துவது நீதியாகாது. படைப்பைப் பற்றிய வசனங்களை மனனம் செய்யும் பிள்ளையை ஒரு நாளேனும் கடலோரம் அழைத்துச் சென்று அந்த வசனங்களை அங்கே ஓதிக்காட்டும் தந்தையர் எத்தனை பேர்? ஆயினும், பள்ளிவாசலின் குறை தொழுகையின் குறையாகிவிடாது. வீட்டில் சண்டை என்பதற்காகத் தாயைத் துறப்பார் உண்டோ?

கோலை மணலில் ஊன்றுங்கள்

தூண்டிலை உடைத்தெறியச் சொல்லி நாம் இதை எழுதவில்லை. கோலோடு ஒரு முஸல்லாவையும் எடுத்துச் செல்லுங்கள். மீன் செதில் தோலில் ஒட்டியிருந்தால் நீக்கிவிட்டு உளூச் செய்யுங்கள். மீனின் இரத்தம் குறித்து மத்ஹபுகளிடையே கருத்து வேறுபாடு உண்டு. கையையும் ஆடையையும் கழுவிக்கொள்வதே பேணுதல். நபி (ஸல்) அவர்கள் திறந்தவெளியில் தொழும்போது சிறு ஈட்டி ஒன்றை முன்னால் ஊன்றித் தடுப்பாக்கிக்கொள்வார்கள். நீங்கள் தூண்டில் கோலை மணலில் ஊன்றி அதையே சுத்ராவாக்குங்கள். இருவர் இருந்தாலும் ஜமாஅத்தாகத் தொழுங்கள். அப்போது கடற்கரை உண்மையிலேயே மஸ்ஜிதாகும். நீங்கள் தேடிய அமைதிக்கும் ஒரு பொருள் பிறக்கும்.

சனிக்கிழமைக்காரர்களின் ஊரில் மூன்று பிரிவினர் இருந்தனர்: மீறியோர், தடுத்தோர், “அழியப்போகும் கூட்டத்திற்கு ஏன் உபதேசம்?” என்று சலித்துக்கொண்டோர். தடுத்தோர், தங்கள் இறைவனிடம் சொல்ல ஒரு காரணம் வேண்டும் என்றும், இவர்கள் அஞ்சி விலகவும் கூடும் என்றும் பதிலளித்தார்கள் (7:164). நாம் இதை எழுதுவதும் அந்த இரண்டிற்காகவே.

யா அல்லாஹ்! எங்கள் பிள்ளைகளின் கண்களை உன் அத்தாட்சிகளின்பாலும், நெற்றிகளை உன் ஸஜ்தாவின்பாலும் திருப்புவாயாக! ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.