நெடுவாழ்வு குருதியிலா, மனையிலா?

நூறாண்டு வாழ்வார் மிக்க நிலம் யாதென வினவுவார்க்குச் சப்பானின் தென்கோடித் தீவுக்கூட்டமாகிய ஒக்கினாவாவைச் சுட்டுவது வழக்கம். சுட்டுவோருட் பலர் அம்மக்களின் குருதியையும் கடற்காற்றையும் அதற்குக் கரணியமாகக் கூறி அமைவர். அமைவது எளிது, உண்மை அதுவன்று.

அத்தீவினரின் பழைய மனையை நோக்குக. நாற்காலி இல்லை, கட்டில் இல்லை. கோரைப்பாயினும் தடித்த வைக்கோற்பாய் மீதே உண்பதும் உரையாடுவதும் உறங்குவதும். எண்பது அகவைக் கிழவியும் நாளொன்றுக்குப் பன்முறை தரையில் அமர்ந்து எழுதல் வேண்டும். (இஃது உடற்பயிற்சி என்று அவள் அறியாள், அறிந்திருப்பின் விட்டிருப்பாள் போலும்!) மனைப்புறத்தே தோட்டம், அதிற் பாகலும் கீரையும். 1605இல் சீனத்தினின்று வந்த சருக்கரைவள்ளிக் கிழங்கே நெடுங்காலம் முதன்மை உணவு. வயிற்றிற் பத்தில் எட்டுப் பங்கு நிறைந்ததும் கையெடுப்பது முதியோர் ஒழுக்கம். சீட்டுக் கட்டுவதுபோலத் திங்கள்தோறும் பணந்திரட்டி, இடருற்றாரைத் தாங்கும் நட்புக் கூட்டுகளும் உண்டு. முதுமையில் தனித்திருப்பார் அதனாற் குறைந்தனர்.

1945இற் போர் அத்தீவை அழித்தது. 1972 வரை அமெரிக்கர் ஆட்சி. 1963இலேயே விரைவுணவுக் கடை வந்தது. தகரத்தில் அடைத்த பன்றியிறைச்சி நாளுணவாயிற்று. போரில் ஒழிந்த தொடர்வண்டிப் பாதை மீண்டும் இடப்படவில்லை. 2003இல்தான் தலைநகர் நாகாவில் ஒற்றைத் தண்டவாள ஊர்தி ஓடிற்று. இடையே நடை ஒழிந்து மகிழுந்தே கால்களாயிற்று.

விளைவு யாது? 1985இல் ஆண்களின் வாழ்நாளில், சப்பானின் 47 பகுதிகளுள் ஒக்கினாவாவே முதலிடம். 2000இல் 26ஆம் இடம். 2020இல் 43ஆம் இடம். பெண்களும் முதலிடத்தினின்று 16ஆம் இடத்திற்கு இறங்கினர். வாழ்நாள் குறைந்தது என்பதன்று. பிறர் விரைந்து ஏற, இவர் பின்தங்கினர். வறுமையே கரணியம் என்பாரும் உளர். வருவாயில் அத்தீவு 1985இலும் கடைப்பட்டதே. அன்று முதலிடம் பெற வறுமை தடையாகவில்லையே! முப்பத்தைந்து ஆண்டிற் குருதி மாறிற்றா? கடல்தான் வற்றிற்றா? மாறியவை மனையும் அடுக்களையும் நடையுமே.

பழைய ஒழுக்கத்தில் வளர்ந்த முதியோர் இன்றும் கொல்லையிற் களை பறிக்கின்றனர். நோயுறுவோர் அவர்தம் மக்களே. தொண்ணூறு கடந்த தாய், அறுபது நிரம்பாத மகனுக்கு இறுதிக்கடன் ஆற்றும் கொடுமையும் அத்தீவில் நேர்கின்றது.