ஊழியத்தை ஒப்புவித்தல்

கலாசாலை மாணவரிடையே கிறிஸ்தவ ஊழியம் செய்ய முன்வருவோர்க்கு ஆலோசனை கூறுவார் பலர். அவ்வூழியத்தை விட்டு நீங்கவேண்டிய முறையை எடுத்துரைப்பார் அரியர். ஆறு வருஷம் மாணவர் ஐக்கியத்தை நடத்தி, இவ்வாண்டு அப்பொறுப்பை வேறொருவரிடம் ஒப்புவித்த யான், இதைக் குறித்து என் கருத்தை வெளியிட விரும்புகின்றேன்.

விடைபெறும் வாரத்தில் விடுதி மாணாக்கர் ஒருவர் என்னிடம் வந்து, "ஐயா, இனி நான் யாரிடம் போவேன்?" என்று கண்கலங்கினார். அவ்வேளையில் என் உள்ளத்தில் ஒரு மகிழ்ச்சி தோன்றிற்று என்பதை மறையாது கூறுகின்றேன். அன்றிரவு ஜெபிக்க முழங்காற்படியிட்டபோதோ, அம்மகிழ்ச்சியே என்னைக் குற்றஞ்சாட்டிற்று. இரண்டு வருஷமாக அவருக்கு யான் என்னிடம் வரும் வழியைக் கற்பித்தேனேயன்றி, யான் இல்லாதபோது ஆண்டவரிடமும் சக மாணாக்கரிடமும் செல்லும் வழியைக் கற்பித்தேனல்லேன்.

அப்போஸ்தலராகிய பவுல் எபேசுவில் மூன்று வருஷம் ஊழியஞ்செய்தார். பின்பு எருசலேமுக்குப் போகும் வழியில் அச்சபையின் மூப்பரை மிலேத்துவுக்கு வரவழைத்து, இனித் தம் முகத்தை அவர்கள் காணமாட்டார்கள் என்று அறிவித்தார். அவர்கள் மிகவும் அழுதனர். ஆயினும் அவர் பயணத்தை நிறுத்தாமல், அவர்களைத் தேவனிடத்திலும் அவரது கிருபையின் வசனத்தினிடத்திலும் ஒப்புவித்துக் கப்பலேறினார். மாணவர் நம் உடைமையாயிருந்தாலன்றோ நாம் அவர்களை மற்றொருவருக்குக் கைமாற்றுவது? அவர்கள் முன்னமே ஒருவருக்கு உரியவர்கள்.

நம் நாட்டிலும் இதற்கு முன்மாதிரி உண்டு. திருநெல்வேலிச் சீமையைச் சேர்ந்த வெள்ளாளன்விளையிற் பிறந்த வே. ச. அசரியா, 1895 முதல் ஒய்.எம்.சி.ஏ. செயலாளராக வாலிபரிடையே உழைத்தார். 1909-இல் அப்பதவியைத் துறந்து, தெலுங்கு வழங்கும் தோர்னக்கலுக்குச் சென்றார். 1912-இல் ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்திய அத்தியட்சரானார். தம்மையின்றி வாலிபர் வாடுவர் என்று அவர் தங்கியிருந்தால், தோர்னக்கல் அவரை அறிந்திராது. அவர் சென்றபின் சங்கம் ஓய்ந்துவிடவுமில்லை. 1916-இல் சேலத்துக் கே. டி. பால் அதன் தேசியப் பொதுச் செயலாளராகி, அப்பதவியை வகித்த முதல் இந்தியரானார்.

அங்ஙனமாயின் நாம் ஒப்புவிக்கவேண்டியவை யாவை? கணக்கும், வேதபாட ஒழுங்கும், சம்பளம் கட்ட இயலாதார் தேவையும் ஒப்புவிக்கத்தக்கவை. தனிமையில் நம்மை நம்பிச் சொல்லப்பட்ட குற்றமும், விசுவாசத் தளர்ச்சியும், குடும்பத் துயரமும் அத்தன்மையன அல்ல. விரும்பினால் சொன்னவரே புதியவரிடம் சொல்லட்டும். உயிருக்கு ஆபத்து நேரக்கூடிய நிலையில் ஒருவர் இருப்பின், அவரறிய அவரை உடனழைத்துச் சென்று சேர்ப்பது மட்டும் நம் கடமை. யான் எழுதி வைத்திருந்த குறிப்புப் புத்தகத்தை எரித்துவிட்டேன். புதியவர் வழி தெரியாது தடுமாறுவாரே என்று நண்பர் சிலர் கடிந்துகொண்டனர். சிறிது தடுமாறுதலும் நன்றே. அறியாதவர் கேட்பார், கேட்கப்படும் மாணவர், தம்மை அறிய விரும்புவார் ஒருவர் உளர் என்று தேறுவர்.

பவுலைக் கடல் பிரித்தது. நம்மையோ கைபேசி பிரியவிடுவதில்லை. விட்டுச்சென்றவர் நாள்தோறும் அதன் வழியே ஆலோசனை கூறிக்கொண்டிருப்பின், புதியவர் பெயரளவிற்கே பொறுப்பாளராயிருப்பார். சிநேகம் தொடரலாம், தீர்ப்புக் கூறும் உரிமை தொடரலாகாது. புதியவர் செய்கையைப் பற்றி நம்மை வினவுவோர்க்கு, "அவரிடமே கேளுங்கள், தம்பி" என்பதே தக்க விடை.

கண்கலங்கிய அம்மாணாக்கரை மறுநாள் மாலை புதிய பொறுப்பாளரிடம் அழைத்துச் சென்றேன். இருவரும் பேசத் தொடங்கியதும் எழுந்து வெளியே வந்தேன். அக்கதவைச் சாத்துவது எனக்கு எளிதாயிருக்கவில்லை.

மாணாக்கத் தோழர்காள்! பழையவரோடு ஒப்பிட்டுப் புதியவரை அளவாதீர்கள். பவுலைச் சேர்ந்தோம், அப்பொல்லோவைச் சேர்ந்தோம் என்று கொரிந்தியர் பிரிந்து நின்றபோது, தம் பெயரால் எழுந்த கட்சியையும் பவுல் கடிந்தார். எங்களை நேசிப்பீர்களாயின், நாங்கள் இல்லாத புதன்கிழமைக் கூட்டத்திற்கும் தவறாது செல்லுங்கள். எங்கள் ஊழியம் மெய்யானதோ என்பது அங்கேதான் விளங்கும்.