என்ஜினுக்குக் கிடைத்த நற்பெயர் காற்றுப்பைக்குப் போதுமா?

உங்கள் வீட்டு வாசலில் நிற்கும் கார் எந்த ஆண்டில் செய்யப்பட்டது? 2000-க்கும் 2015-க்கும் இடைப்பட்டதா? ஸ்டியரிங் நடுவில் ஒரு ஜப்பானிய நிறுவனத்தின் சின்னம் இருக்கிறதா? அப்படியானால் தயவுசெய்து இந்தப் பக்கத்தை உடனே திருப்பிவிடாதீர்கள்.

சென்ற மாதம் என் சக ஆசிரியர் ஒருவர், போலிடெக்னிக்கில் சேர்ந்திருக்கும் மகனுக்காகப் பழைய ஜப்பானியக் கார் ஒன்றைப் பார்க்கப் போனார். துணைக்கு என்னையும் அழைத்துப் போனார். தெரிந்த பட்டறைக்காரரும் வந்திருந்தார். அவர் என்ஜினை ஓடவிட்டுக் காதைச் சாய்த்துக் கேட்டார். எண்ணெய்க் கோலை உருவிப் பார்த்தார், டயரைத் தட்டினார். பிறகு, "சார், ஜப்பான் என்ஜின். இன்னும் பத்து வருஷம் ஓடும். கண்ணை மூடிக்கிட்டு வாங்குங்க" என்றார். "காற்றுப்பையை மாத்தியிருக்காங்களா?" என்று நான் கேட்டேன். இருவரும் என்னைப் பார்த்த பார்வையில், தேர்வில் பாடத்திட்டத்துக்கு வெளியே கேள்வி வந்துவிட்டதைப் போன்ற கோபம் தெரிந்தது.

அந்தப் பட்டறைக்காரரின் நம்பிக்கையை நான் குறை சொல்லமாட்டேன். அது காற்றில் பிறந்த நம்பிக்கை அல்ல. ஹோண்டாவையே எடுத்துக்கொள்வோம். அதன் நிறுவனர் சோய்ச்சிரோ ஹோண்டா 1930-களில் பிஸ்டன் வளையம் செய்யக் கிளம்பினார். பிஸ்டனைச் சுற்றி இறுக்கமாக உட்கார்ந்து, எரிவாயு கீழே கசியாமல் காக்கும் சிறிய இரும்பு வளையம் அது. பட்டறை அனுபவம் அவரிடம் நிறையவே இருந்தது. ஆனால் செய்த வளையங்கள் தேறவில்லை. ஏன் என்றும் புரியவில்லை. கடைசியில் ஹமமாட்சு நகரத்துத் தொழில்நுட்பக் கல்லூரியில் கொண்டுபோய்க் காட்டினார். இரும்பில் சிலிக்கன் போதவில்லை என்று அங்கே சொன்னார்கள். முப்பது வயதையொட்டிய மனிதர், பகலில் பட்டறையை நடத்திக்கொண்டே அந்தக் கல்லூரியில் உலோகவியல் படிக்கப் போய் உட்கார்ந்தார். தேர்வு எழுதாததால் டிப்ளோமா தரமுடியாது என்று சொல்லிவிட்டார்கள். (ஒரு டிப்ளோமாவை வைத்துப் பிழைக்கும் நான், இந்தப் பகுதியை மட்டும் மாணவர்களிடம் சொல்வதில்லை.) அதற்குப் பிறகும் டொயோட்டாவின் தரச் சோதனைக்குப் போன 50 வளையங்களில் 3 மட்டுமே தேறின. அங்கிருந்து அவர் மேலே வந்தார்.

1948-இல் ஹோண்டா மோட்டார் நிறுவனம் உருவானது. 1958-இல் வந்த சூப்பர் கப் மோட்டார் சைக்கிளை நம் தாத்தாக்களுக்கு அறிமுகப்படுத்தத் தேவையில்லை. ரப்பர்த் தோட்டத்துச் செம்மண் பாதையில் அதை ஓட்டிய தலைமுறை இன்னும் நம்மோடு இருக்கிறது. அந்த வண்டியின் உற்பத்தி 2017-இல் 10 கோடியைத் தாண்டியது.

கார் உலகில் ஹோண்டாவை நிமிர்ந்து பார்க்கவைத்தது 1970-இல் அமெரிக்கா கொண்டுவந்த தூய காற்றுச் சட்டம். கார்பன் மோனாக்சைடையும் எரியாத ஹைட்ரோகார்பனையும் 1975-க்குள் 90 விழுக்காடு குறைக்க வேண்டும் என்றது சட்டம். நடக்கிற காரியமா என்றன அமெரிக்காவின் பெரிய நிறுவனங்கள். ஹோண்டாவின் இளம் பொறியியலாளர்கள் கண்ட வழி எளிமையானது. காற்று அதிகமாகவும் பெட்ரோல் குறைவாகவும் உள்ள கலவை சுத்தமாக எரியும், ஆனால் எளிதில் தீப்பிடிக்காது. அதனால் சிலிண்டரின் தலையில் ஒரு சின்ன அறை வைத்தார்கள். அதில் பெட்ரோல் செறிந்த கலவை. தீப்பொறி முதலில் அங்கேதான். அங்கே மூண்ட சுவாலை பெரிய அறைக்குள் பாய்ந்து, நீர்த்த கலவையை நிதானமாகவும் முழுமையாகவும் எரித்தது. அடுப்பில் பெரிய விறகைப் பற்றவைக்க முதலில் சுள்ளியைக் கொளுத்துவோமே, அதுதான் கணக்கு. சிவிசிசி எனப்பட்ட இந்த என்ஜின் 1972 இறுதியில் அமெரிக்கச் சுற்றுச்சூழல் துறையின் சோதனையில் தேறியது. வினையூக்கி மாற்றியின் உதவியில்லாமலேயே தேறியது.

இதற்குச் சற்று முன்பு, என்ஜினைக் காற்றால்தான் குளிர்விக்க வேண்டும் என்று பிடிவாதமாக நின்றவர் இதே சோய்ச்சிரோ ஹோண்டாதான். தண்ணீரால் குளிர்விக்காவிட்டால் வெப்பத்தையும் புகையையும் கட்டுப்படுத்த முடியாது என்று வாதாடியவர்கள் அவரிடம் சம்பளம் வாங்கிய இளைஞர்கள். முதலாளி இறங்கிவந்தார். 1972-இல் வெளிவந்த முதல் சிவிக் காருக்கு நீரால் குளிரும் என்ஜின். உலோகமும் வெப்பமும் யார் முதலாளி என்று பார்ப்பதில்லை என்பதை அந்த நிறுவனம் இரண்டு முறை கற்றுக்கொண்டது. அந்தப் பெயருக்கு அடித்தளம் இதுதான் என்பது என் எண்ணம்.

இனி காற்றுப்பைக்கு வருவோம்.

ஐந்தாம் படிவ வேதியியலில் வெப்ப வேதியியல் பாடம் வரும்போது, அம்மோனியம் நைத்திரேட்டைத் தண்ணீரில் கரைத்துக் காட்டுவோம். குவளை சில்லென்று ஆகிவிடும். திடலில் கால் பிசகினால் வைக்கும் உடனடிக் குளிர்ப்பொட்டலத்தில் இருப்பது பெரும்பாலும் அதுதான். உரமாகவும் பயன்படுகிறது. அதே உப்புக்கு இன்னொரு முகமும் உண்டு. 2020-இல் பெய்ரூட் துறைமுகத்தைச் சிதைத்தது அது.

காற்றுப்பை பலூனைப்போல ஊதப்படுவதில்லை. மோதலை உணர்கருவி உணர்ந்ததும் ஓர் உலோகக் குடுவைக்குள் இருக்கும் வேதிப்பொருள் வில்லைகள் தீப்பற்றி, அந்த வாயு பையை நிரப்புகிறது. எல்லாம் கண்ணிமைக்கும் நேரத்தில் ஒரு பங்கில் முடிந்துவிடும். ஜப்பானின் தக்காத்தா நிறுவனம் 2000-ஆம் ஆண்டையொட்டி அந்த வில்லைகளுக்கு அம்மோனியம் நைத்திரேட்டைத் தேர்ந்தெடுத்தது. மலிவு, கொஞ்சம் எரிந்தாலே நிறைய வாயு. ஆனால் எந்தப் பள்ளி ஆய்வகத்திலும் போய்ப் பாருங்கள். மூடி சரியாக இறுகாத அம்மோனியம் நைத்திரேட் போத்தலில் உப்பு கட்டிதட்டிப் போயிருக்கும். ஈரத்தைக் குடிக்கும் குணம் அதற்கு உண்டு. அதோடு ஏறத்தாழ 32 பாகை செல்சியஸில் அதன் படிக அமைப்பு மாறிப் பருமனும் மாறும். இதைத் தடுக்கத் தக்காத்தா வேறோர் உப்பைச் சேர்த்தது உண்மை. ஆனால் ஈரத்தையும், ஆண்டுக்கணக்கில் ஏறி இறங்கும் வெப்பத்தையும் அந்தக் கலவையால் தாங்க முடியவில்லை. வில்லைகளில் நுண்துளைகள் பெருகின.

நான்காம் படிவ மாணவர்களுக்கு மீதிக் கதை தெரியும். பளிங்குக் கல் துண்டைவிடப் பளிங்குத் தூள் அமிலத்தில் வேகமாக வினைபுரியும், ஏனென்றால் அதன் மேற்பரப்பு அதிகம். துளை விழுந்த வில்லையும் அப்படியே. சீராக எரிய வேண்டியது ஒரே மூச்சில் எரிந்துவிடும். அழுத்தம் தாங்காமல் குடுவையே வெடிக்கும். பைக்குள் வாயு நிரம்புவதற்குப் பதிலாக, ஓட்டுநரின் கழுத்தையும் முகத்தையும் நோக்கி உலோகச் சில்லுகள் பாயும்.

ஈரமும் வெப்பமும் என்றேன். நாம் வாழும் ஊரை நினைத்துப் பாருங்கள். நண்பகலில் திறந்த வெளியில் நிற்கும் காரின் முன்பலகை கையை வைக்க முடியாத அளவு சுடும். இரவில் அதே கார் மழையில் நிற்கும். ஆண்டின் 365 நாளும் இப்படித்தான். அமெரிக்காவிலும் திரும்ப அழைப்பில் முன்னுரிமை பெற்றவை, புளோரிடா போன்ற வெப்பமும் ஈரமும் மிகுந்த மாநிலங்களின் கார்கள்தான்.

2004-இலேயே அமெரிக்காவின் அலபாமாவில் ஒரு ஹோண்டா அக்கார்டில் காற்றுப்பைக் குடுவை வெடித்து ஓட்டுநர் காயமடைந்தார். முதல் திரும்ப அழைப்பு வந்தது 2008 நவம்பரில். அதுவும் சுமார் 4,000 கார்களுக்கு மட்டும். 2009-இல் ஒக்லஹோமாவில் ஓர் இளம்பெண் இறந்தார். 2014 ஜூலையில் சிபுவில் ஹோண்டா சிட்டி ஓட்டிச்சென்ற ஒரு கர்ப்பிணி உயிரிழந்தார். அமெரிக்காவுக்கு வெளியே இந்தக் குறையோடு தொடர்புபடுத்தப்பட்ட முதல் மரணம் நம் சரவாக்கில்தான் நிகழ்ந்தது. 2016-இல் நம் நாட்டிலேயே ஹோண்டா சிட்டி கார்களில் மேலும் மரணங்கள். அதே ஆண்டு அமெரிக்காவின் சாலைப் பாதுகாப்பு அமைப்பு ஓர் எச்சரிக்கை வெளியிட்டது: 2001 முதல் 2003 வரையிலான சில ஹோண்டா மாடல்களின் குடுவைகள், ஆய்வகச் சோதனையில் வெடிக்கும் வாய்ப்பு 50 விழுக்காடு வரை இருந்தது. நாணயத்தைச் சுண்டிப் பார்ப்பதுபோல!

தக்காத்தா தன் சோதனை முடிவுகளைத் திரித்ததை 2017-இல் அமெரிக்க நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டு, அதே ஆண்டு திவாலானது. உலகம் முழுவதும் ஏறத்தாழ 10 கோடிக் குடுவைகள் திரும்ப அழைக்கப்பட்டன. டொயோட்டா, நிசான், மஸ்டா, பிஎம்டபிள்யூ என்று பட்டியல் நீளம். ஆகவே இது ஹோண்டாவின் கதை மட்டும் அல்ல. ஆனால் தக்காத்தாவின் மிகப் பெரிய வாடிக்கையாளர் ஹோண்டா. அதோடு, மரணம், காயம் குறித்த 1,729 புகார்களை 11 ஆண்டுகளாக அமெரிக்க அரசிடம் முறையாகத் தெரிவிக்காததற்காக 2015-இல் 7 கோடி டாலர் அபராதம் கட்டவும் அது ஒப்புக்கொண்டது. ஐம்பதில் மூன்று தேறியபோது 'ஏன்' என்று கல்லூரிப் படியேறிய மனிதரின் நிறுவனம், முதல் குடுவை வெடித்தபோதே அந்தக் கேள்வியை விடாமல் கேட்டிருக்க வேண்டும். வெளியிலிருந்து வாங்கிய பாகம் என்பது எனக்குச் சமாதானமாகப் படவில்லை. ஸ்டியரிங்கில் இருக்கும் சின்னம் யாருடையது?

எனக்கு அதிகக் கவலை தருவது இன்னொன்று. அந்த என்ஜின்கள் உண்மையிலேயே நல்லவை. அதனால்தான் இருபது ஆண்டுக்கு முந்தைய கார் இன்றும் ஓடுகிறது. சீக்கிரம் கெட்டுப்போகும் கார் என்றால் அதன் காற்றுப்பையும் எப்போதோ இரும்புக் கடைக்குப் போயிருக்கும். நற்பெயர் பெற்ற கார் மூன்றாம் கைக்கும் நான்காம் கைக்கும் மாறுகிறது. திரும்ப அழைக்கும் கடிதம் பழைய உரிமையாளரின் பழைய முகவரிக்குப் போகிறது. கடைசியாக அதை வாங்குபவர் யார்? முதல் சம்பளம் வாங்கிய பையன், கல்லூரி மாணவி, தாமானில் உணவு விநியோகம் செய்பவர். என்ஜின் ஓடும் வரை கார் நன்றாகத்தான் இருக்கிறது என்று அவர்கள் நம்புகிறார்கள். காற்றுப்பைக்குச் சத்தம் கிடையாது, எண்ணெய்க் கோலும் கிடையாது. அது கெட்டிருப்பது வெடிக்கும்போதுதான் தெரியும்.

உரிமை மாற்றத்தின்போது காரைப் பஸ்பகோமுக்குக் கொண்டுபோகிறோம். சேசிஸ் எண் திருத்தப்பட்டிருக்கிறதா என்று அங்கே பார்க்கிறார்கள். அதே எண்ணைக் கொண்டு, திரும்ப அழைக்கப்பட்ட பாகம் மாற்றப்பட்டதா என்பதையும் உறுதிப்படுத்த வேண்டும். மாற்றாத கார் கைமாறக் கூடாது. பழைய கார் விற்கும் வணிகர்களுக்கு இது பிடிக்காது என்று தெரியும். மாற்றுவதோ இலவசம். அப்புறம் என்ன தயக்கம்?

அதுவரை காத்திருக்காதீர்கள். நாம் 'கெரான்' என்று சொல்லும் வாகனப் பத்திரத்தில் சேசிஸ் எண் இருக்கும். நிறுவனத்தின் அதிகாரபூர்வ இணையத்தளத்தில் அதைத் தட்டிப் பார்க்கலாம், அல்லது சேவை மையத்துக்குத் தொலைபேசியில் அழைக்கலாம். ஓட்டுநர் பக்கம், பயணி பக்கம் இரண்டையும் தனித்தனியே கேளுங்கள். ஒன்றை மாற்றி மற்றதை விட்டுவிட்ட கார்கள் உண்டு. நீங்களே ஸ்டியரிங்கைக் கழற்றிப் பார்க்கும் வேலை மட்டும் வேண்டாம். உள்ளே இருப்பது வெடிபொருள்.

ஹாஃப்கட் கடையில் வாங்கிய ஸ்டியரிங் பொருத்தப்பட்ட கார் என்றால் இன்னும் கவனம் தேவை. சேசிஸ் எண் 'எல்லாம் சரி' என்று சொல்லும். ஆனால் கைமாறி வந்த அந்தக் காற்றுப்பை எந்தக் காரில் எத்தனை வெயிலும் மழையும் பார்த்ததோ, அந்த எண்ணுக்குத் தெரியாது. சேவை மையத்தில் நேரில் காட்டித்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

காற்றுப்பையே ஆபத்து என்று யாரும் முடிவுகட்ட வேண்டாம். நல்ல காற்றுப்பை, இருக்கை வார் அணிந்தவரின் உயிரைக் காக்கும். அதனால்தான் கெட்டதை மாற்றச் சொல்கிறேன்.

என் சக ஆசிரியர் அந்தக் காரை வாங்கிவிட்டார். என்ஜின்மீது அவருக்கு அவ்வளவு பிரியம். ஆனால் பணம் கொடுப்பதற்கு முன்பே, முணுமுணுத்துக்கொண்டுதான் என்றாலும், எண்ணைத் தட்டிப் பார்த்தார். ஓட்டுநர் பக்கத்துப் பை மாற்றப்பட்டிருந்தது. பயணி பக்கத்துப் பை மாற்றப்படவில்லை. சேவை மையத்தில் அடுத்த செவ்வாய்க்கிழமைக்குத் தேதி கொடுத்திருக்கிறார்கள். அதுவரை மகன் போலிடெக்னிக்குக்குப் பேருந்தில்தான் போய்வருகிறான்.